4 ஜிபி ரேம், லினக்ஸ், நெட் பேங்கிங்: எந்த பிரவுசர்?

கேட்டது இது: பத்து வருடப் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு லினக்ஸ். ஃபயர்பாக்ஸில் ஏழெட்டு டேப் திறந்தாலே மெஷின் திணறுகிறது. ‘ஃபால்கன் போடு’, ‘பேல் மூன் போடு’, ‘மிடோரிதான் இலகு’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேங்க் வேலையும் இதே மெஷினில்தான். இலகுவாகவும் பாதுகாப்பாகவும் இருக்கிற பிரவுசர் எது? கூடவே, சும்மா கிடக்கும் ஒரு 32-பிட் நெட்புக்குக்கும் வழி கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: ஃபயர்பாக்ஸிலேயே இருங்கள். விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஒரிஜின் போடுங்கள், ரேமைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ரேமை இயக்குங்கள், ஃபயர்பாக்ஸ் எந்த வடிவப் பேக்கேஜாக வந்திருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். ஃபயர்பாக்ஸ் பிடிக்கவே இல்லை என்றால் பிரேவ். நண்பர்கள் சொன்ன சின்ன பிரவுசர்களைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; பேங்க் பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் கீழே இவ்வளவு நீளம்.

லினக்ஸில் பிரவுசர் பெயர்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஆனால் உள்ளே இருந்து இன்றைய தளங்களை ஒழுங்காகத் திறந்து காட்டும் நிரல்கள், அதாவது இன்ஜின்கள், மூன்றே மூன்று: கூகுளின் பிளிங்க், மொசில்லாவின் கெக்கோ, ஆப்பிளின் வெப்கிட். குரோம், குரோமியம், பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாம் பிளிங்க். ஃபால்கனும் க்யூட்பிரவுசரும் க்யூட்டி வெப்இன்ஜினில் ஓடுகின்றன. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது குரோமியம்தான். லிப்ரவுல்ஃப், முல்வாட் பிரவுசர், டோர் பிரவுசர் மூன்றும் ஃபயர்பாக்ஸின் பிள்ளைகள். க்னோமின் எபிஃபனி வெப்கிட். மிடோரி முன்பு வெப்கிட்டில் இருந்தது, இப்போது கெக்கோவுக்கு வந்துவிட்டது. (லினக்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. கேடிஇ-யின் கான்கரருக்காக எழுதிய கேஎச்டிஎம்எல் இன்ஜினை எடுத்துத்தான் ஆப்பிள் வெப்கிட் செய்தது. 2013-ல் அதிலிருந்து கூகுள் பிளிங்கைப் பிரித்துக்கொண்டது.)

ஃபால்கனை முதல் தடவை திறக்கும்போது சட்டென்று வந்து நிற்கும். அந்த ஜன்னலும் மெனுவும் உண்மையிலேயே இலகு, பொய் இல்லை. ஆனால் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் குரோமியம் வேலையைத் தொடங்கும். அந்தப் பக்கம் வண்டி வண்டியாக ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பினால் அதை ஓட்ட என்ன மெமரி வேண்டுமோ அது வேண்டும்தான். சட்டையை மாற்றினால் ஆளின் எடை குறையாது. இன்னொரு வேடிக்கை: ஃபயர்பாக்ஸே 2002-ல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில், கனத்துப்போன மொசில்லா தொகுப்புக்கு மாற்றாக, ‘இலகுவான பிரவுசர்’ என்றுதான் பிறந்தது. இணையம் பெருத்தது, அதுவும் பெருத்தது.

அப்படியானால் சில பிரவுசர்கள் நிஜமாகவே குறைந்த ரேமில் ஓடுகின்றனவே, எப்படி? பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, ஜாவாஸ்கிரிப்டையே தொடாது, டில்லோ என்ற சின்ன பிரவுசர் அப்படி. அதில் தப்பு ஒன்றுமில்லை, அதன் வேலை அவ்வளவுதான். மற்றொன்று, சுவர் எழுப்பாது. நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

சுவர் என்று நான் சொல்வது இது. இன்றைய குரோமும் ஃபயர்பாக்ஸும் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில், அதாவது தனித்தனியாக ஓடும் நிரலாக, ஓட்டுகின்றன. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு சாண்ட்பாக்ஸ்: லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் செக்காம்ப் வடிகட்டி, அந்த ப்ராசஸ் கெர்னலிடம் எந்தெந்த வேலையைக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தும்; நேம்ஸ்பேஸ்கள் என்ற ஏற்பாடு ஃபைல்களையும் மற்ற ப்ராசஸ்களையும் கண்ணில் படாமல் மறைக்கும். ஒரு டேப்பில் இருக்கும் தளம் இன்ஜினின் ஏதோ ஓட்டையைப் பிடித்து உள்ளே நுழைந்தாலும், நுழைந்த இடம் ஜன்னல் இல்லாத அறை. பக்கத்து டேப்பில் இருக்கும் பேங்க் பக்கத்தையோ உங்கள் ஹோம் ஃபோல்டரையோ அங்கிருந்து எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு இன்னொரு ஓட்டை தேவை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டை வெளியானபோது, ஒரே ப்ராசஸுக்குள் இருக்கும் இரண்டு தளங்களைப் பிரித்து வைக்க மென்பொருள் வேலியை மட்டும் நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் உறைத்தது. அந்த ஆண்டே குரோம் 67-ல் தளவாரியான பிரிப்பு வந்தது. ஃபயர்பாக்ஸ் தன் உள்கட்டமைப்பைப் பிரித்து மேய வேண்டியிருந்ததால் 2021 நவம்பரில் 94-வது பதிப்பு வரை இழுத்தது. அதற்கு ஃபிஷன் என்று பெயர்.

ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவர் என்றால் செங்கல் அதிகம் வேண்டும். உங்கள் ரேமில் ஒரு பகுதி அந்தச் செங்கலுக்குத்தான் போகிறது. பேல் மூன் இதைச் செய்வதில்லை. எல்லாத் தளமும் ஒரே ப்ராசஸ், ஒரே ஹால். அதை எழுதுகிறவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களை விடாமல் சேர்க்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹாலில் ஒரு திருடன் நுழைந்துவிட்டால் எல்லோருடைய பையும் அவன் கைக்கு எட்டும். ‘கான்ஃபிக் பக்கத்தில் ஃபிஷனை ஆஃப் செய், ரேம் மிச்சமாகும்’ என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. மிச்சமாகும்தான். பேங்க் வேலை பார்க்கும் மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

இப்போது உங்கள் ஃபயர்பாக்ஸில் ஒரு காரியம் செய்யுங்கள். முகவரிப் பட்டையில் ‘அபவுட்:ப்ராசஸஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து வையுங்கள். இன்னொரு டேப்பில் விளம்பரம் கொட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறங்கள். திரும்பி வந்து பட்டியலைப் பாருங்கள். நீங்கள் திறந்தது ஒரே பக்கம். ஆனால் வரிசையில் அந்தத் தளத்தோடு நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்கள் புதிதாக முளைத்திருக்கும். ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் தனி மெமரிக் கணக்கு, சிபியு-வும் தனி. அந்தப் பக்கத்துக்குள் ஒட்டப்பட்ட விளம்பரச் சட்டங்கள் அவை. வேறு தளத்திலிருந்து வருவதால் ஃபிஷன் நியாயப்படி அவற்றுக்கும் தனி அறை கட்டிக் கொடுத்திருக்கிறது. அழைக்காமல் வந்த விருந்தாளிக்கு உங்கள் ரேமில் தனி ரூம்.

யூபிளாக் ஒரிஜினைப் போட்டுவிட்டு அதே பக்கத்தை மறுபடி திறங்கள். அந்த வரிகளில் பெரும்பாலானவை இருக்காது. விளம்பரச் சட்டம் இறங்கவே இல்லை என்றால் அதற்கு ப்ராசஸ் எதற்கு? எந்தச் சின்ன பிரவுசருக்கு மாறினாலும் கிடைக்காத லாபம் இந்த ஒரு எக்ஸ்டென்ஷனில் கிடைக்கும். விளம்பர வழியாக வரும் தீங்கு நிரல்களும் அதோடு போகும். பாதுகாப்பு, இலகு இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்துத்தான் எல்லோரும் பிரவுசர் தேடுகிறார்கள். இந்த ஒரு இடத்தில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. பெயரில் ‘ஒரிஜின்’ இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், வெறும் ‘யூபிளாக்’ வேறு ஆட்களுடையது. மற்ற எக்ஸ்டென்ஷன்களைக் கூடிய மட்டும் கழற்றிவிடுங்கள். ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்க’ அனுமதி கேட்கும் ஒவ்வொன்றும் பேங்க் பக்கத்தையும் படிக்கும்.

குரோமில் இந்த வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது விதிப்படி எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொரு கோரிக்கையையும் தாங்களே பார்த்துத் தடுக்க முடியாது. 2024 ஜூனில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் பழைய வி2 எக்ஸ்டென்ஷன்களை குரோம் கழற்றிவிட்டது. அதில் இப்போது ஓடுவது யூபிளாக் ஒரிஜின் லைட். மோசமில்லை, ஆனால் பழைய பலம் இல்லை. பிரேவ் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகிறது: அதன் தடுப்பான் எக்ஸ்டென்ஷனே அல்ல, ரஸ்ட் மொழியில் எழுதி பிரவுசருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இரண்டாவது தேர்வாக பிரேவைச் சொல்கிறேன். கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் என்று அது நீட்டும் சமாச்சாரங்களை செட்டிங்ஸில் அணைத்துவிட்டால் சத்தம் போடாமல் கிடக்கும்.

ரேம் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் எச்டாப்பைத் திறந்து ஃபயர்பாக்ஸ் என்று வரும் வரிகளையெல்லாம் கூட்டிப் பார்த்து ‘ஐயையோ’ என்கிறார்கள். அந்த ‘ரெஸ்’ எண்ணில், பல ப்ராசஸ்கள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் மெமரி ஒவ்வொரு வரியிலும் முழுசாக எண்ணப்படுகிறது. பத்து பேர் ஒரே ஆட்டோவில் போனால் பத்து ஆட்டோ என்று எண்ணுவது மாதிரி. எஸ்மெம் என்ற சின்னக் கருவியைப் போட்டு ‘பிஎஸ்எஸ்’ என்ற பத்தியைப் பாருங்கள். அது பங்கிட்டுக் கணக்கிடும். போதாக்குறைக்கு, பிரவுசர்கள் இருக்கிற ரேமைப் பார்த்துத்தான் கை நீட்டும். 16 ஜிபி மெஷினில் ஒருவர் எடுத்த அளவு உங்கள் 4 ஜிபி மெஷினுக்குப் பொருந்தாது. இணையத்தில் உலவும் ‘எந்த பிரவுசர் குறைந்த ரேம்’ அட்டவணைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

உங்கள் மெஷின் திணறுவதற்கு உண்மையான காரணம் அனேகமாக வேறு. டெர்மினலில் ‘விஎம்ஸ்டாட் 1’ கட்டளையை ஓட விட்டு, திணறும் நேரத்தில் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ பத்திகளைப் பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எண்கள் ஓடினால் ஸ்வாப் நடக்கிறது, அதாவது ரேம் போதாமல் அதில் இருப்பது டிஸ்க்குக்குப் போய் வருகிறது. அதுவும் சுழலும் டிஸ்க்கில். ரேமில் நொடியில் நடக்க வேண்டியது டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடி முடிக்கும் வரை காத்துக் கிடக்கிறது. இசட்ரேம் இங்கேதான் கை கொடுக்கும்: ஸ்வாப்பை டிஸ்க்குக்கு அனுப்பாமல் சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைக்கும். பிரவுசரின் மெமரி பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு சுருங்கக்கூடிய சரக்கு. ஃபெடோரா 33-லிருந்து, அதாவது 2020 முதல், இது தானாகவே இயங்கும்படி வருகிறது. டெபியன் வழி வந்தவற்றில் இசட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டால் போதும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஒரு சாதாரண எஸ்எஸ்டி. இந்தப் பதிலில் நான் சொல்லும் எல்லாவற்றையும் விட அது பெரிய மாற்றம் தரும்.

டேப்களை வைத்திருக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லி உபதேசம் பண்ணப் போவதில்லை. மெமரி நெருக்கடி வந்தால் ஃபயர்பாக்ஸே பழைய டேப்களை இறக்கிவிடும். 140-வது பதிப்பிலிருந்து டேப் மேல் ரைட் கிளிக் செய்து நீங்களாகவும் இறக்கலாம்; தலைப்பு அப்படியே நிற்கும், உள்ளே இருப்பது மட்டும் காலியாகும், தொட்டால் மறுபடி வரும்.

வீடியோ தனிக் கதை. பத்து வருட மெஷினில் யூடியூப் பார்க்கும்போது ஃபேன் அலறுகிறதென்றால் குற்றவாளி பெரும்பாலும் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை. யூடியூப் முதலில் நீட்டுவது விபி9 அல்லது ஏவி1. இன்டெல்லில் விபி9-ஐ முழுக்க ஹார்டுவேரிலேயே பிரிப்பது 2016-ன் கேபி லேக் தலைமுறையிலிருந்துதான். ஏவி1 2020-ன் டைகர் லேக்கிலிருந்து. அதற்கு முந்தைய சிப் பாவம், எல்லாவற்றையும் சிபியு-விலேயே அரைக்கிறது. ஆனால் எச்.264 அதற்கு அத்துப்படி. யூடியூபிடம் எச்.264 மட்டும் கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் உண்டு, அது ஒன்றைச் சேர்க்கலாம். இல்லையென்றால் லிங்க்கை எம்பிவி பிளேயரில் போட்டுப் பாருங்கள், நான் பழைய மெஷினில் அப்படித்தான். ஃபயர்பாக்ஸ் 115-லிருந்து இன்டெல் கிராஃபிக்ஸில் ஹார்டுவேர் டீகோடிங் தானாகவே இயங்குகிறது. ‘அபவுட்:சப்போர்ட்’ பக்கத்தில் கோடெக் அட்டவணையில் எதெதற்கு ஹார்டுவேர் ஆதரவு இருக்கிறதென்று தெரியும்.

இனி அப்டேட். ஒரு பிரவுசர் பாதுகாப்பானதா என்று என்னைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதன் அம்சப் பட்டியலை அல்ல. ஓட்டை வெளியான நாளுக்கும் திருத்தம் உங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்பதை. 2023 செப்டம்பரில் நடந்தது நல்ல உதாரணம். வெப்பி படங்களைப் பிரிக்கும் லிப்வெப்பி நூலகத்தில் ஓட்டை. ஒரு படத்தைக் காட்டினாலே போதும், நீங்கள் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை; அதை வைத்து ஏற்கெனவே தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 11 அன்று குரோமில் திருத்தம் வந்தது. மறுநாள் ஃபயர்பாக்ஸ் 117.0.1 வந்தது, நீண்ட கால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் வரிசைக்கும் கூடவே வந்தது. அந்த நூலகத்தைத் தங்களுக்குள் கட்டி வைத்திருந்த மற்ற பிரவுசர்களும் ஆப்களும் ஒவ்வொன்றாக, அவரவர் வசதிப்படி வந்தன. ஒரே ஆள் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் பிரவுசரில் அந்த இடைவெளி எவ்வளவு என்பது அவருடைய வார இறுதியைப் பொறுத்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சம்பளம் கொடுத்தா வைத்திருக்கிறோம்?

டெபியன்காரர்கள் இதைப் பூசி மெழுகாமல் எழுதியே வைத்திருக்கிறார்கள். க்யூட்டி வெப்இன்ஜின், கேஎச்டிஎம்எல் இரண்டுக்கும் டெபியனில் முழுப் பாதுகாப்பு ஆதரவு கிடையாது; பொதுவான பிரவுசிங்குக்கு ஃபயர்பாக்ஸோ குரோமியமோ பயன்படுத்துங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பில் இருக்கிறது. ஆக டெபியன் ஸ்டேபிளில் ஃபால்கன் போட்டால், அன்றைக்கு உறைந்த குரோமியத்தோடுதான் இரண்டு வருடம் ஓட்டுவீர்கள். எபிஃபனி ஓடும் வெப்கிட்ஜிடிகே-வுக்கு ஆதரவு உண்டு. எனவே சின்ன பிரவுசர் வேண்டுமென்று அடம் பிடித்தால் எபிஃபனியைக் கை காட்டுவேன். படிக்க நன்றாக இருக்கும். பேங்க் தளங்கள் அதில் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

அப்டேட் வந்தால் மட்டும் போதாது, பிரவுசரை மூடித் திறக்கவும் வேண்டும். லேப்டாப்பை மூடி மூடித் திறந்து மூன்று வாரம் அதே ஃபயர்பாக்ஸை ஓட்டுகிறவர்கள் அதிகம். டிஸ்க்கில் புதிய பதிப்பு உட்கார்ந்திருக்கும், ரேமில் ஓடுவது பழையது. புது டேப் திறக்கும்போது ‘ரீஸ்டார்ட் செய்தால்தான் தொடரலாம்’ என்று அது பிடிவாதம் பிடித்தால் திட்டாதீர்கள்.

பேக்கேஜ் எப்படி வந்தது என்பதும் எடையைத் தீர்மானிக்கும். உபுண்டு 22.04-லிருந்து அதில் வரும் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற வடிவப் பேக்கேஜ். அப்டேட் தானாக வரும், சாண்ட்பாக்ஸும் சரியாக இருக்கும். ஆனால் மெஷினை ஆன் செய்த பிறகு முதல் தடவை திறக்கும்போது சுருக்கி வைத்த படிமத்தை விரித்துத் திறக்க வேண்டும், உங்கள் சுழலும் டிஸ்க்கில் அது தெரியும். மொசில்லாவே 2024 ஜனவரியில் 122-வது பதிப்போடு தன் சொந்த டெப் (டெபியன், உபுண்டுவின் வழக்கமான பேக்கேஜ் வடிவம்) களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மின்ட்டில் இருந்தால் ஏற்கெனவே டெப்தான், ஒன்றும் செய்ய வேண்டாம். ஃப்ளாட்பேக் என்ற இன்னொரு பேக்கேஜ் வடிவத்தில் ஃபயர்பாக்ஸ் ஓடினால், ஃப்ளாட்பேக் போட்ட வேலிக்குள் ஃபயர்பாக்ஸ் தன் சொந்த நேம்ஸ்பேஸ் வேலியைப் போட முடியாமல் போகிறது. வெளி வேலி கிடைக்கிறது, அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஒரு அடுக்கு குறைகிறது. எனக்கு அந்த பேரம் பிடிக்கவில்லை.

நிறுவாமலே ஒரே ஃபைலாக ஓடும் ஆப்இமேஜ் விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். உபுண்டு 24.04-க்கு மாறிய புதிதில் ஒரு சின்ன பிரவுசரை ஆப்இமேஜாக இறக்கினேன். டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. டெர்மினலில் ஓட்டினால் ‘நோ யூஸபிள் சாண்ட்பாக்ஸ்’ என்று ஒரு வரி. காரணம், அந்த உபுண்டுவில் சாதாரணப் பயனரின் ப்ராசஸ்கள் நினைத்தபடி நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறது. முறையாகப் போட்ட பேக்கேஜ்களுக்கு விலக்குக் கோப்பு உண்டு, எங்கிருந்தோ இறக்கிய ஆப்இமேஜுக்கு இல்லை. இரவு பதினொன்றரை மணி. தேடியதில் முதலில் கிடைத்த பதில் ‘நோ-சாண்ட்பாக்ஸ் என்று பின்னால் சேர்த்துவிடு’. சேர்த்தேன், திறந்தது, தூங்கப் போய்விட்டேன். லாஞ்சரின் எக்ஸெக் வரியின் வாலில் அந்த வார்த்தை இருப்பது மூன்று மாதம் கழித்து, ஐகானை மாற்றப் போனபோதுதான் கண்ணில் பட்டது. அந்த மூன்று மாதமும் மெயிலும் பேங்க்கும் அதில்தான். ஏதும் நடக்கவில்லை, அதிர்ஷ்டம். எந்த பிரவுசரைப் போட்டாலும் ஒரு நிமிடம் சரிபாருங்கள்: ஃபயர்பாக்ஸில் ‘அபவுட்:சப்போர்ட்’ பக்கத்தின் அடியில் சாண்ட்பாக்ஸ் பகுதி இருக்கும், செக்காம்ப், யூசர் நேம்ஸ்பேஸ் வரிகளில் ‘ட்ரூ’ இருக்க வேண்டும். குரோமிய வகைகளில் ‘குரோம்://சாண்ட்பாக்ஸ்’. பப்பி லினக்ஸ் மாதிரி எல்லாவற்றையும் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டும் டிஸ்ட்ரோவில் இருந்தால், பிரவுசரை மட்டுமாவது அது தரும் ‘ஸ்பாட்’ பயனரில் ஓட்டுங்கள்.

இலகு டெஸ்க்டாப்காரர்கள் மட்டும் மாட்டும் பள்ளம் ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. குரோமிய வகைகள் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்ட, சாவிகளைப் பத்திரப்படுத்தும் க்னோம் கீரிங் அல்லது கேவாலட்டிடம் சாவி கேட்கும். க்னோமிலும் கேடிஇ-யிலும் அவை இருக்கும். பார்த்துப் பார்த்து இளைக்க வைத்த எக்ஸ்எஃப்சிஇ, ஓப்பன்பாக்ஸ், ஐ3 அமைப்புகளில் பல நேரம் இருக்காது. அப்போது குரோமியம் சத்தமே இல்லாமல் தன் கோடிலேயே எழுதி வைத்த ஒரு நிலையான சாவியைப் பயன்படுத்தும். அந்தச் சாவி என்ன தெரியுமா? ‘பீனட்ஸ்’. ஆமாம், வேர்க்கடலை. திறந்த மூல நிரலில் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. அதாவது உங்கள் ஹோம் ஃபோல்டரைப் படிக்க முடிகிற எந்த நிரலும் பாஸ்வேர்டுகளைப் படிக்கலாம். பிரேவ் போட்டால் க்னோம் கீரிங்கையும் சேர்த்துப் போடுங்கள். ஃபயர்பாக்ஸ் இதில் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். பிரைமரி பாஸ்வேர்டு வைக்காவிட்டால் அதன் சாவியும் அதே ஃபோல்டரில்தான் தொங்கும். செட்டிங்ஸில் ஒரு டிக், அவ்வளவுதான்.

பேங்க்குக்கென்று ‘அபவுட்:ப்ரொஃபைல்ஸ்’ பக்கத்தில் தனி ப்ரொஃபைல் ஒன்று உருவாக்குங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல், எச்டிடிபிஎஸ்-மட்டும் என்ற தேர்வோடு, புக்மார்க்கில் பேங்க் முகவரி ஒன்றே ஒன்று. அந்த வேலை பார்க்கும்போது மற்ற ஜன்னல்களை மூடிவிட்டால் ரேமும் மிச்சம்.

நெட்புக் விஷயம் சுலபம், ஆனால் நல்ல செய்தி இல்லை. கூகுள் 2016-லேயே 32-பிட் லினக்ஸுக்கு குரோம் தருவதை நிறுத்திவிட்டது. மொசில்லாவும் ஃபயர்பாக்ஸ் 145-லிருந்து நிறுத்திவிட்டது. 32-பிட்டில் கடைசியாக நிற்பது இஎஸ்ஆர் 140, அதற்கும் காலக்கெடு உண்டு. முதலில் சிபியு நிஜமாகவே 32-பிட்டா என்று ‘எல்எஸ்சிபியு’ அடித்துப் பாருங்கள். 64-பிட் ஓட்டக்கூடிய சிபியு-வில் 32-பிட் டிஸ்ட்ரோ போட்டு வைத்திருக்கும் நெட்புக்குகள் நிறைய. நிஜமாகவே 32 என்றால் அதில் லாகின் வேலை எதுவும் வேண்டாம். டில்லோவும் நெட்சர்ஃபும் போடுங்கள். டில்லோ 1999-ல் தொடங்கியது, 2015-க்குப் பிறகு படுத்துக் கிடந்து 2024-ல் 3.1-ஆக எழுந்து வந்திருக்கிறது. ஒரு விக்கிப்பீடியா கட்டுரை கண் இமைக்கும் முன் திறக்கும். டெர்மினலில் லிங்ஸ், டபிள்யூ3எம் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான டெர்மினல்களில் தமிழின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து நிற்கும், ஆங்கிலக் கையேடுகள் படிக்கத்தான் ஆகும். நான் அப்படி ஒன்றில் எஸ்எஸ்எச்சும் டில்லோவும் மட்டும் வைத்து, சர்வரின் கையேடுகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறேன்.